மேஜர் ஒபே பண்ணிய சனிக்கிழமை

புரட்டாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றின் பிற்பகல். பெருமாள் கோயில் வாசலில், கொட்டுகிற மழையில், ஒரு கையில் குடையும் ஒரு கையில் கைப்பையுமாக நின்றுகொண்டு நான் ஒரு நாயிடம் ஆங்கிலத்தில் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

“கம், மேஜர். கம்.”

அது என்னைப் பார்த்தது. வாலை ஒரு முறை தரையில் தட்டியது. தேங்கியிருந்த தண்ணீர் என் புடவையில் தெறித்தது. எழுந்திருக்கவில்லை.

“கெட் அப். கோ. ஹோம். லெட்ஸ் கோ ஹோம்.”

இந்த ஊர்ப் பள்ளியில் எத்தனையோ வருடங்களாக ஆங்கிலம் நடத்துகிறவள் நான். அன்று கோயிலுக்கு வந்திருந்தவர்களில் பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள், மீதிப் பேர் அவர்களுடைய அம்மாக்கள். எல்லோரும் கோபுரத்தின் கீழே மழைக்கு ஒதுங்கி நின்று, என் ஆங்கிலம் செல்லுபடியாகாமல் போவதை ஆர்வத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“காலைலேருந்து இப்டியேதான் டீச்சர் குந்திகினுகீது,” என்றார் வாசலில் பூக்கடை வைத்திருக்கும் சாந்தியக்கா. “பிஸ்கட் போட்டேன், துன்னல. வெரட்டிப் பாத்தேன், போவல. மழ புடிச்சிகிச்சேன்னு நான்தான் சாக்க மேல போட்டேன்.”

நாயின் முதுகில் ஒரு பழைய பிளாஸ்டிக் சாக்கு கிடந்தது. அதன் ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நான் குடையைச் சாந்தியக்காவிடம் கொடுத்துவிட்டு, கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்தேன். மேஜர் உறுமவில்லை, கோபிக்கவில்லை. வயிற்றைத் தரையோடு அழுத்திப் படுத்துக்கொண்டது. நல்ல கனமான லாப்ரடார். ஓர் அங்குலம்கூட நகரவில்லை. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்பது போல என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மறுபடியும் கோயில் வாசலையே பார்க்க ஆரம்பித்தது.

அந்த வாசல் வழியாகக் காலையில் உள்ளே போனவர் என் மாமனார். அந்த வழியாக அவர் திரும்பி வரவேயில்லை.

சுபேதாரின் நாய்

மேஜர் எங்கள் வீட்டுக்கு வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் மகள் நித்யா சென்னையில் வேலை பார்க்கிறாள். அவளுடைய அடுக்ககத்தில் பக்கத்து வீட்டுக்காரர், ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த நாய் அவருடையது. மேஜர் என்று பெயர் வைத்ததற்கு அவர் சொன்ன காரணத்தை நித்யா சிரித்துச் சிரித்துச் சொல்வாள். “சர்வீஸ் முழுக்க மேஜர் சொல்லி நான் உட்கார்ந்தேன். இப்போது நான் சொல்லி ஒரு மேஜர் உட்காரட்டுமே.”

அவர் வெளிநாட்டிலிருக்கும் மகனோடு போய்ச் சேர வேண்டி வந்தது. நாயை அழைத்துப்போக வழியில்லை. நித்யா ஒரு ஞாயிற்றுக்கிழமை வாடகைக் காரில் அதை ஏற்றிக்கொண்டு ஆரணிக்கு வந்து இறங்கினாள்.

“ஒரே ஒரு மாசம்மா. அதுக்குள்ள வேற எடம் பாத்துடறேன்.”

பெற்றவர்கள் எல்லோருக்கும் இந்த ஒரே ஒரு மாசம் பழக்கமானதுதான். நாயின் சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைக்க அன்றைக்கே ஓர் இடம் ஒதுக்கினேன்.

என் மாமனாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பட்டு நெய்தவர். பிறகு பலரை வைத்து நெய்வித்தவர். வீட்டை ஒட்டிய கொட்டகையில் வரிசையாகத் தறிகள் ஓடிய நாளில், அவர் வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டால் உள்ளே பேச்சு நின்றுவிடும். நான் கல்யாணமாகி வந்த புதிதில் அதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன். இப்போது என் கணவர் பவர்லூம் போட்டிருக்கிறார். ஓட்டுகிறவர் காதில் இயர்போனோடு பாட்டுக் கேட்டுக்கொண்டு வேலை செய்கிறார். மாமாவுக்கு அதில் வருத்தமே இல்லை. “தறிக்குழியில எறங்கி மெதிக்கறது போச்சு, என் முட்டி தப்பிச்சுதும்மா” என்பார். ஆனால் வேலை போனது முட்டிக்கு மட்டும் இல்லையே. காலமெல்லாம் கட்டளையிட்டுப் பழகிய வாய் ஒன்றும் சும்மா இருந்தது.

ஆகவே அவர் மின்விசிறியைப் பார்த்து அதட்டுவார். கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவரிடம், “ஜல்தி வாய்யா, எம்மா நேரம்?” என்பார். தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கிற பெண்ணைச் சத்தமாகப் பேசச் சொல்வார். யாரும் கேட்பதில்லை. அவரும் யாராவது கேட்பார்கள் என்று எதிர்பார்ப்பதில்லை.

மேஜர் வந்து இறங்கியதும் வழக்கம்போல ஆரம்பித்தார்.

“டேய், குந்து.”

நாய் நின்றது.

“குந்துடா. உக்காரு. படு. இன்னாம்மா இது, செவுடா?”

“தாத்தா, அதுக்குத் தமிழ் தெரியாது,” என்றாள் நித்யா. “சிட் சொல்லுங்க.”

மாமா அவளைச் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, “சிட்டு” என்றார்.

மேஜர் உட்கார்ந்தது.

மாமாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். என் மகன் பள்ளி இறுதித் தேர்வில் முதலாவதாக வந்தபோதுகூட அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை.

‘க்கு’ வராது மாமா

அதன் பிறகு தினமும் காலையில் டீ டம்ளரோடு சமையலறை வாசலில் வந்து நிற்பார்.

“யம்மா கலா, நில்லுன்றதுக்கு இன்னா?”

“ஸ்டே, மாமா.”

“வான்றதுக்கு?”

“கம்.”

“வாயில கீறத்த வுட்றான்னு சொல்லணுமே?”

“ட்ராப். செருப்பு எதையாச்சும் தூக்கிட்டானா?”

“உன்துதான். நீ காப்பியக் கலக்கு, நான் பாத்துக்கறேன்.”

இப்படி ஒன்றிரண்டு வாரத்தில் ஒரு நாய்க்கு வேண்டிய ஆங்கிலம் முழுவதையும் கற்றுக்கொண்டார். மேஜரும் அவர் சொன்ன மாத்திரத்தில் உட்கார்ந்தது, எழுந்தது, செருப்பை விட்டது. ஒரு நாள் அதைத் தடவிக்கொண்டே கேட்டார்.

“நான் சொல்றேன், அவன் செய்றான் பாரு. இந்த மொத்தத்துக்கும் இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை கீதா?”

“ஒபே, மாமா.”

“ஒபே.” வாயில் போட்டுச் சுவைத்துப் பார்த்தார். “நல்லாகீது. மேஜரு எனக்கு ஒபே பண்றான்.”

எனக்குள்ளிருந்த டீச்சர் சும்மா இருக்கவில்லை. “எனக்குன்னு சொல்லக் கூடாது மாமா. இங்கிலீஷ்ல அதுக்கு ‘க்கு’ வராது. என்னை ஒபே பண்றான்னுதான் வரும்.”

“என்னை ஒபே பண்றானா?” மாமா முகத்தைச் சுளித்தார். “என்னைக் கட்டி இழுத்துகினு போற மாதிரியில்ல கீது!”

இந்தச் சங்கடம் அவருக்கு மட்டும் இல்லை. அம்மாவுக்குக் கீழ்ப்படி என்று தமிழில் சொல்லிப் பழகிய பிள்ளைகள், ஆங்கிலத்தில் எழுதும்போது ‘ஒபே’வுக்கும் ‘மதர்’க்கும் நடுவில் ஒரு ‘டு’வைச் செருகிவிடுவார்கள். வருடா வருடம் நான் சிவப்பு மையால் அடிக்கிற ‘டு’ அது. அந்தச் சொல்லை நடத்தும்போது கரும்பலகையில் மாடிப்படி வரைவது என் வழக்கம். மேல் படியில் ஒருவர், கீழ்ப் படியில் ஒருவர். கீழே நிற்பவர் மேலே நிற்பவர் சொன்னதைச் செய்கிறார், அதுதான் கீழ்ப்படிதல் என்பேன். வெம்பாக்கம் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து படித்த ஒரு பெண் ஒரு முறை எழுந்து, “மிஸ், ரெண்டு பேரும் ஒரே படியில நின்னா ஒபே பண்ண முடியாதா?” என்று கேட்டாள். மணி அடித்துவிட்டதால் தப்பித்தேன்.

நானே என் பள்ளி நாளில் எழுதிய விடுப்பு விண்ணப்பங்கள் நினைவுக்கு வருகின்றன. எல்லாவற்றின் கடைசியிலும் ‘தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவி’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவோம். காய்ச்சல் என்று பொய் சொல்லித் தேவிகாபுரத்தில் சித்தி வீட்டுக் கல்யாணத்துக்குப் போன விண்ணப்பத்திலும் அதே வரிதான்.

ஆனால் வீட்டில் யாரும் கீழ்ப்படி என்று பேசுவதில்லை. சொன்னால் கேளு என்போம். காதால் கேட்பதற்கும் அதுதான் சொல், கேள்வி கேட்பதற்கும் அதுதான், சொன்னபடி செய்வதற்கும் அதுதான். இதை ஆங்கிலத்தில் எப்படி விளங்க வைப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

மாமாவுக்கு அந்தக் கவலை எல்லாம் இல்லை. கிடைத்த சொல்லை நன்றாகப் புழங்கினார். “கலா, உன் புருஷன் ஒபே பண்றதே இல்ல.” “இந்த கரண்டுக்காரன் ஒபே பண்ண மாட்றான், நாலு வாட்டி போன் போட்டேன்.” ‘க்கு’ பிரச்சினையை யாருக்கு என்பதையே சொல்லாமல் சமாளித்துவிட்டார்.

தெற்கு வாசல்

சனிக்கிழமை தோறும் மாமா பெருமாள் கோயிலுக்குப் போவார். மேஜரும் கூடப் போகும். சாந்தியக்கா கடை ஓரமாக அதை உட்கார வைத்து “ஸ்டே” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்வருவார். திரும்பி வரும்வரை மேஜர் அசையாது. அதைப் பார்ப்பதற்கென்றே சிலர் நிற்பார்கள் என்று மாமா பெருமையாகச் சொல்வார்.

அன்று புரட்டாசிச் சனி. சாமி கும்பிடும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படக் கூடாது என்பது அவருடைய கணக்கு. ஆனால் சர்க்கரை மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு போயிருக்கிறார்.

“மாத்திரை போட்டா டிபன் சாப்பிடணும் மாமா,” என்று நான் முதல் நாளே சொல்லியிருந்தேன்.

“பெருமாளுக்குத் தெரியும்மா,” என்றார்.

உள்ளே வரிசை நீளம். பிரகாரத்தில் நின்றபடியே சரிந்து விழுந்துவிட்டார். நல்லவேளை, பின்னால் நின்றவர் தாங்கிப் பிடித்துக்கொண்டார். முன் வாசலில் கூட்டம் முண்டியடித்ததால், தெற்குப் பக்கத்து வாசலைத் திறந்து, அந்த வழியாகத் தூக்கி வந்து ஆட்டோவில் ஏற்றியிருக்கிறார்கள். கூட்டத்தில் என் கணவரைத் தெரிந்தவர் ஒருவர் இருந்ததால் எங்களுக்கு உடனே போன் வந்தது.

நாங்கள் ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது மாமாவுக்குக் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. முகம் வெள்ளை வேட்டி மாதிரி இருந்தது. என் கணவர் அவருடைய காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அவருடைய உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். அந்த நேரத்தில் எங்கள் யாருக்கும் நாய் நினைவே வரவில்லை.

மதியத்துக்கு மேல் நன்றாகக் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார். மகனைப் பார்த்தார்.

“மேஜரு?”

“வீட்டுல இருப்பான் மாமா,” என்றேன். அப்படித்தான் நினைத்தேன். நேரமானால் நாய் தானாக வீட்டுக்கு வந்துவிடாதா?

“இருக்க மாட்டான். நான் ஸ்டே சொல்லிட்டு வந்துகீறேன்.”

“அதெல்லாம் வந்திருக்கும்ப்பா, நீங்க படுங்க,” என்றார் என் கணவர்.

“வராதுடா! நான் சொல்றேன், உனுக்குப் புரியல?” மாமா எழுந்து உட்கார்ந்து, கையில் குத்தியிருந்த ஊசியைப் பிடுங்கப் போனார். நர்ஸ் ஓடி வந்தார். பெரிய சத்தமாகிவிட்டது. சாயங்காலம் வரை படுக்கையைவிட்டு எழுந்திருக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

“நான் போய்க் கூட்டிட்டு வரேன் மாமா,” என்றேன். “நீங்க அசையாம படுத்திருந்தாத்தான் போவேன்.”

ஊசியைப் பிடித்திருந்த கையை எடுத்தார். பிறகு தலையணையில் சாய்ந்தார். வெளியே அப்போதுதான் மழை பிடித்துக்கொண்டிருந்தது.

போன் வழியாக

அப்படித்தான் நான் கோயில் வாசலுக்கு வந்து, தெரிந்த ஆங்கிலத்தையெல்லாம் அந்த நாயிடம் கொட்டித் தீர்த்துக்கொண்டு நின்றேன்.

மேஜர் நடுங்க ஆரம்பித்திருந்தது. எனக்கு வேறு வழி தெரியவில்லை. கோபுரத்தின் கீழே ஒதுங்கி என் கணவருக்குப் போன் செய்து, மாமாவிடம் கொடுக்கச் சொன்னேன்.

“இன்னா சொன்ன அவன்கிட்ட?” என்றார் மாமா.

“கம் சொன்னேன், கோ சொன்னேன், எல்லாத்தையும் சொல்லிட்டேன் மாமா.”

“அதுக்கெல்லாம் எழுந்துக்க மாட்டான். வெளிய வந்ததும் நான் போலாமான்னு கேப்பேன். கேட்டாத்தான் எழுந்துக்குவான்.”

“போலாமாவா? அவனுக்குத்தான் தமிழ் தெரியாதே?”

“அது ஒண்ணு தெரியும்.”

நான் மேஜரிடம் வந்து குனிந்து, “போலாமா?” என்றேன். சட்டென்று காதைத் தூக்கியது. பாதி எழுந்தது. என்னைப் பார்த்தது, வாசலைப் பார்த்தது, மறுபடியும் உட்கார்ந்துவிட்டது. சொல் சரிதான். ஆள்தான் சரியில்லை.

போனை ஸ்பீக்கரில் போட்டு, அதன் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். சாந்தியக்கா குடையை எங்கள் இருவருக்கும் மேலாகப் பிடித்தார்.

“பேசுங்க மாமா.”

“மேஜரு,” என்றது போன். ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து வந்த குரல் கரகரத்திருந்தது. “போலாமாப்பா?”

மேஜர் எழுந்தது. முதுகிலிருந்த சாக்கு நழுவி விழுந்தது. மொத்த உடம்பும் வாலோடு சேர்ந்து ஆடியது. மூக்கைப் போனில் வைத்து அழுத்தியது, நக்கியது, என் கையைச் சுற்றிச் சுற்றி அவரைத் தேடியது. கோபுரத்தின் கீழே நின்றவர்கள் ஓவென்று சிரித்துக் கை தட்டினார்கள். சாந்தியக்கா மட்டும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அடப் பாவி, இதுக்குத்தானா இம்மா நேரம்!” என்றார்.

இத்தனை வருடம் அந்த வீட்டில் இருந்திருக்கிறேன். மாமா யாரிடமும் போலாமா என்று கேட்டு நான் கேட்டதில்லை. கிளம்பு என்பார். நாங்கள் செருப்பைத் தேடி எடுப்பதற்குள் அவர் தெருமுனையில் இருப்பார்.

வீட்டை நோக்கி நடந்தோம். நாலைந்து கடை தாண்டியதும் மேஜர் நின்று கோயிலைத் திரும்பிப் பார்த்தது. போனில் சத்தம் இல்லை.

“பேசிகிட்டே வாங்க மாமா. குரல் நின்னா இவனும் நின்னுடறான்.”

“இன்னா பேசறது?”

“எதையாச்சும் பேசுங்க.”

முதலில் “நேரா வா, ஓரமா வா, பஸ்ஸு வரும்” என்று வழி சொல்லிக்கொண்டு வந்தார். பிறகு அது தீர்ந்துபோயிற்று. அப்புறம் பேச ஆரம்பித்தார், தமிழில், நாயிடம்.

“கண்ணு இருட்டிகினு வந்துதுடா. கீழ வுயுந்தது தெரியல. முழிச்சுப் பாத்தா கையில ஊசி குத்திகீறாங்க. பயந்துட்டேன்டா மேஜரு. நெசமாவே பயந்துட்டேன். எங்கம்மா போனப்பகூட இப்டி பயந்ததில்ல. உன்ன அங்க வுட்டுட்டு வந்துட்டமே, யாரு போயி கேப்பாங்கன்னு அது ஒண்ணுதான் மனசுல ஓடிகினே இருந்துது. கலாதான் கெளம்பிப் போச்சு. நல்ல பொண்ணு. மழையில நனையாம வருதா பாரு.”

நான் போனை நாயின் காது உயரத்துக்குத் தாழ்த்திப் பிடித்தபடி, எதுவும் காதில் விழாதவள் போல நடந்தேன். குடையைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தது அப்போதுதான் தெரிந்தது. திரும்பிப் போகவில்லை. அவர் பேசிக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் என் கணவர் பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன் என்று பிறகு என்னிடம் சொன்னார். அப்பா பயந்தேன் என்று சொல்லி அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்ததும் மேஜரைத் துண்டால் துவட்டி, பால் சோறு பிசைந்து வைத்தேன். தட்டைப் பார்த்தபடி நின்றது. போனைக் கீழே காட்டினேன். “துன்னுடா,” என்றார் மாமா. அதுவும் தமிழ்தான். ஆனால் மேஜருக்குப் புரிந்துவிட்டது.

தெருவிலிருந்து ஒரு கும்பிடு

சாயங்காலம் மாமா ஆட்டோவில் வந்து இறங்கினார். மேஜர் அவர் மேல் தாவி வேட்டியெல்லாம் சேறாக்கியது. அதட்டவில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்து, அதன் இரண்டு காதுகளையும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். நனைந்த நாயின் ஈரக் கம்பளி வாடை வீடு முழுக்க வீசியது.

மறுநாள் காலையில் இட்லித் தட்டையும் மாத்திரையையும் அவர் முன்னால் வைத்தேன்.

“இனிமே சாப்பிடாம மாத்திரை கெடையாது மாமா. டாக்டர் சொன்னத ஒபே பண்ணணும்.”

“சொன்னாப் பண்ண மாட்டேன்,” என்றார், என்னைப் பார்க்காமல். “கேட்டாப் பண்ணுவேன்.”

“சாப்டலாமா மாமா?”

“சாப்டலாம்,” என்று தட்டை இழுத்துக்கொண்டார். நல்ல பசி போலிருக்கிறது, இரண்டாவது தடவையும் சட்னி கேட்டார்.

அடுத்த சனிக்கிழமை, தனியாக அனுப்ப மனசில்லாமல், நானும் அவரோடு போனேன். கோயில் வாசலுக்கு எதிரே தெருவிலேயே நின்றுவிட்டார். மேஜர் அவர் காலடியில் நின்றது.

“உள்ள போய்ட்டு வாங்க பெரியவரே,” என்றார் சாந்தியக்கா. “நான் பாத்துக்கறேன். நீங்க ஸ்டே சொல்லிட்டுப் போங்க.”

“அந்த வார்த்தைய நான் வுட்டுட்டேன்.”

“அப்ப சாமி?”

மாமா எட்டிப் பார்த்தார். பெரிய கதவுக்கு அப்பால், கொடிமரத்தையும் தாண்டி, உள்ளே இருட்டில் ஒரு விளக்கு தெரிந்தது.

“இங்கேருந்தே தெரியறாரு,” என்றார்.

நாயின் கயிறு அவர் மணிக்கட்டில் சுற்றியிருந்தது. அதைக் கழற்றாமலே இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார். கயிறு மேலே இழுக்க, மேஜரும் முகத்தை நிமிர்த்தி, அவர் பார்த்த திசையிலேயே பார்த்துக்கொண்டு நின்றது.